பதினோரு பேரும் நொண்டிய சனிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு படிக்கட்டில் பிறந்தது. கதைகள் கனவிலும் கண்ணீரிலும் பிறப்பதாக எழுத்தாளர்கள் மேடையில் சொல்வார்கள். அவர்கள் சால்வைக்காகச் சொல்கிறார்கள். எனக்குச் சால்வை யாரும் போர்த்தப் போவதில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தின் லங்காஷயரில், ஹார்டன்ஷா டவுன் கால்பந்து மன்றத்து மைதானத்தின் மேற்குப் பக்கப் படிக்கட்டு. இடைவேளைக்குச் சற்று முன். சுடச்சுட மாட்டிறைச்சிச் சாறு விற்கும் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு மனிதர் பின்பக்கமாக இறங்கி வந்தார்.

முகம் மேலே, முதுகு எங்களுக்கு. நல்ல கோட்டு, கழுத்தில் டை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தென்னை மரத்திலிருந்து இறங்குகிறவரைப் போல, ஒவ்வொரு படியையும் காலால் தேடித் தேடி இறங்கினார். வரிசை தானாக விலகியது. ஒருவரும் சிரிக்கவில்லை. இதுதான் என்னை நிமிர வைத்தது. ஹார்டன்ஷாக்காரர்கள் சவ அடக்கத்திலேயே சிரிப்பவர்கள்.

பெரிய மனிதர்களின் தலைப்பாகையைத் தட்டிவிடுவது என் தொழில். அந்த டையையும் அந்த இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்ததும் கை அரித்தது. யார் அது என்று நோரீனிடம் கேட்டேன். நோரீன் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டுகிறவள். அரங்கில் எனக்குப் பக்கத்து இருக்கை.

"ஹாவர்த்தைத் தெரியாதா உனக்கு? முட்டி மடங்காது. முன்னால பாத்து எறங்குனா விழுந்துருவாரு," என்றாள். கோப்பையை ஊதிக்கொண்டே, "எங்க மேனேஜரு" என்று சேர்த்துக்கொண்டாள். முதல் பாதியை மேலே உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆட்டக்காரர்களைத் திட்ட இறங்கிக்கொண்டிருக்கிறாராம்.

தன் இரண்டு காலையே நம்ப முடியாத ஒருவரிடம் இருபத்திரண்டு கால்களை ஒப்படைத்திருக்கிறார்கள். கிண்டல் தானாக எழுதிக்கொள்ளும் என்று நினைத்தேன். எழுதிக்கொள்ளவில்லை. ஏன் என்பதுதான் நீங்கள் படிக்கப்போவது.

2

தொடக்கங்கள்.

"காயங்களை வென்ற காவிய நாயகன் டெரிக் ஹாவர்த்" [நிறுத்தினேன். ஹாவர்த் எந்தக் காயத்தையும் வென்றதில்லை. எல்லாக் காயங்களும் அவரை வென்றன. சில காயங்கள் திரும்பி வந்து இரண்டாம் தடவையும் வென்றன.]

"வலி என்னும் ஆசானின் காலடியில்" [இது தினசரிக் காலண்டரில் நல்ல நேரத்துக்குக் கீழே அச்சாக வேண்டியது.]

"மழை பெய்துகொண்டிருந்தது." [லங்காஷயரில் இதைச் செய்தியாக யாரும் ஏற்கமாட்டார்கள்.]

"ஒரு ஊரில் ஒரு முட்டி இருந்தது." [இது பிடித்திருந்தது. நோரீனிடம் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். "ரெண்டு முட்டி," என்றாள். "ரெண்டும் போச்சு. ஒண்ணுன்னு எழுதுனா இன்னொண்ணு கோவிச்சுக்கும்."]

ஐந்தாவதான அந்தப் படிக்கட்டுத் தொடக்கத்தின் மேல்தான் இப்போது நின்றுகொண்டிருக்கிறோம். ஆடுகிறது, தெரியும். பார்த்து வாருங்கள்.

3

ஹாவர்த் விளையாடி நான் பார்த்ததில்லை. நான் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தபோது அவர் ஆட்டத்தை விட்டிருந்தார், அதாவது ஆட்டம் அவரை விட்டிருந்தது. பார்க்காத ஆட்டத்தை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. பார்க்காத போரை எழுதி விருது வாங்கியவர்கள் என் நண்பர்கள். ஆனால் பந்து அவர் காலுக்கு வரும் இடம் வந்தால் பேனா நகரவில்லை. "பந்து வந்தது. அவர் அதை" என்பதோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நின்றுபோனது.

தெரிந்த தகவல் இதுதான். அப்பா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி. பள்ளி முடித்த கையோடு மகன் ஹார்டன்ஷா டவுனில் சேர்ந்தான். முதல் பருவத்தில் ஊர் வாயைப் பிளந்தது. இரண்டாம் பருவத்தில் வலது முட்டியின் குருத்தெலும்பைக் கழற்றினார்கள். அந்தக் காலத்தில் வலித்தால் கழற்றிவிடுவார்கள், சைக்கிள் மணி மாதிரி. திரும்பி வந்தார். கணுக்கால் போனது. திரும்பி வந்தார். இடது முட்டி. இங்கிலாந்து அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் அவரைப் பார்ப்பதற்கென்றே ரயிலேறி வந்த சனிக்கிழமையில் அவர் சிகிச்சை மேசையில் கிடந்தார். வந்தவர்கள் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனார்கள். விளையாடிய ஆட்டங்களைவிட விளையாடாத ஆட்டங்கள் மிக அதிகம்.

இதை வைத்து நோரீனைச் சீண்டினேன். ஆடாமலே பெரிய ஆட்டக்காரர் ஆவது எங்கள் ஊரிலும் உண்டு, பெரும்பாலும் அவர்கள் கிரிக்கெட் வாரியத்தில் இருப்பார்கள் என்றேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். நோரீன் தட்டிலிருந்த ரொட்டி உருண்டையை என் மேல் எறிந்தாள். பிடிக்கப் பார்த்தேன். அது மணிக்கட்டில் பட்டு, கோப்பையில் இடித்து, கீழே உருண்டது.

"அது நீ," என்றாள். "எங்க டீமும் அதேதான்."

ரொட்டியை எடுத்துத் தட்டிவிட்டு, இந்த முறை கூரை வரைக்கும் எறிந்தாள். அது விழும்போது புறங்கையை அதன் கீழே கொண்டுபோய், அதே வேகத்தில் கையையும் கூடவே இறக்கினாள். ரொட்டி எப்போது கையைத் தொட்டது என்று தெரியவில்லை. மேசைக்கு ஒரு விரல் உயரத்தில் இரண்டும் சேர்ந்து நின்றன. சத்தமே இல்லை.

"மத்தவன் காலுல பந்து பட்டா டப்புனு கேக்கும் கண்ணு. அவரு காலுல கேக்காது. அம்புட்டு சனமும் அந்தச் சத்தம் வரும் வரும்னு காத்துக் கெடக்கும். வராது. எங்கப்பா பக்கத்துல நிப்பாரு. தொப்பியக் கழட்டுவாரு. கோலுக்கெல்லாம் கழட்ட மாட்டாரு. இதுக்குத்தான்."

கல்லாவில் இருந்தவர் குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கிண்டலை மடித்து உள்பையில் வைத்தேன். கிண்டலைத் தூக்கிப் போடுகிறவன் அல்ல நான். ஆனால் அன்று அதை வெளியே எடுக்கவில்லை.

4

இனி ஒரு வழக்கம் பற்றி. (கட்டுரை வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பகுதியைத் தாண்டுங்கள், தாண்டாமல் முடியாது.)

ஹாவர்த் ஆடிய காலத்தில் ஹார்டன்ஷா டவுனில் அடிபட்ட ஆட்டக்காரனிடம் மேனேஜர் பேசமாட்டார். எழுதி ஒட்டிய விதியல்ல. ஆடமுடியாதவனால் அணிக்குப் பயனில்லை. பயனில்லாதவனிடம் நலம் விசாரித்தால் அவனுக்கு மேசை பழகிவிடும் என்பது கணக்கு. ஃப்ராங்க் கிரிம்ஷா என்பவர் அப்போது மேனேஜர். வாளியும் நீர்ப்பஞ்சுமாக மைதானத்துக்குள் ஓடும் ஆல்ஃப்தான் மருத்துவம் பார்ப்பவர். கிரிம்ஷா சிகிச்சை அறைக்கு வருவார். மேசையில் ஹாவர்த் படுத்திருப்பார். கிரிம்ஷா சுவரைப் பார்த்தபடி கேட்பார்:

"ஆல்ஃப், மேசைமேல கெடக்குறது எப்ப எந்திரிக்குமாம்?"

"வியாழக்கெழம எந்திரிச்சிருவேன் பாஸ்," என்பார் ஹாவர்த்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சா ஆல்ஃப்?"

இந்த இடத்தில் ஊர் சிரிக்கும். நானும் சிரித்தேன். இதே கதையை மூன்று பேர் மூன்று மதுக்கடைகளில் சொன்னார்கள். மூன்று முறையும் சிரித்தேன். மேசையில் கிடந்தவரின் பக்கத்திலிருந்து இதை எழுதிப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. மற்ற ஆட்டக்காரர்களும் பேசமாட்டார்கள். காயம் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அடிபட்டவன் வேறு நேரத்துக்கு வரவேண்டும், வேறு நேரத்தில் சாப்பிடவேண்டும். தன் இளமையின் பெரும்பகுதியை ஒரு மனிதன், நாள் முழுக்க ஆள் நடமாடும் ஒரு கட்டடத்தில், இல்லாதவனாகக் கழித்தான்.

கோப்பைக் காலிறுதி வந்தது. முட்டி வீங்கியிருந்தது. ஹாவர்த் தான் தயார் என்றார். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். ஆடினார். ஹார்டன்ஷா ஜெயித்தது. முட்டி அதோடு முடிந்தது.

ஏன் அந்த ஊசிக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று, வெகுகாலம் கழித்து, ரசிகர் மன்ற விருந்தில் யாரோ கேட்டார்களாம். ஊருக்காக, கொடிக்காக, கோப்பைக்காக என்று ஏதாவது சொல்வார் எனக் கைதட்டக் காத்திருந்தார்கள். ஹாவர்த் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் தயார்னு சொன்னதும் கிரிம்ஷா என்னப் பாத்து 'எப்படி இருக்க டெரிக்'னு கேட்டாரு," என்றார். "எம்பேரு அவருக்குத் தெரியும்னே எனக்கு அப்பத்தான் தெரியும்."

உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இனிப்பு பரிமாறினார்களாம்.

[கிரிம்ஷாவை அரக்கனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். நோரீன் மறுத்துத் தலையாட்டினாள். கிரிம்ஷா ஆடிய காலத்தில் அவருடைய மேனேஜரும் அவரிடம் பேசியதில்லையாம். "அரக்கன்லாம் இங்க கெடையாது கண்ணு. வாத்தியாரு அடிச்சாரு, நானும் அடிக்கிறேன், அம்புட்டுத்தான்." பக்கத்தைக் கிழித்தேன். நன்றாக எழுதியிருந்தேன் என்பதுதான் வருத்தம்.]

5

ஹாவர்த் மேனேஜரானது திறமையால் என்று எழுதத்தான் ஆசை. வேறு ஆள் கிடைக்காததால் ஆனார். அப்போது அவர் ஊரில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தார். அந்த முட்டியோடு வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்தால் எவருக்கும் காப்பீடு எடுக்கத் தோன்றும், நல்ல வியாபாரம். கால்பந்து மன்றத்தின் தலைவர் ப்ளாம்லி சோபாக் கடைக்காரர். முந்தைய மேனேஜர் சொல்லாமல் ஓடியதும், பத்திரிகையாளர்களைத் தன் கடைக்கே கூப்பிட்டு, விற்காத சோபாக்களில் உட்காரவைத்து, "இந்த மன்றத்தின் ஆன்மா வீடு திரும்பியிருக்கிறது" என்று அறிவித்தார். ஆன்மா அவருக்குப் பக்கத்தில் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

முதல் வேலையாக ஹாவர்த் தன் மேசையையும் நாற்காலியையும் சிகிச்சை அறைக்குள் தூக்கிப் போடச் சொன்னார். மேனேஜர் அறை காலி. காலையில் வந்ததும் முதல் பேச்சு, படுத்துக் கிடப்பவனோடு. எப்படி இருக்கே, தூங்கினியா, வீட்டில் என்ன சொல்கிறார்கள். அணிக் கூட்டத்தையும் அந்த மேசையைச் சுற்றியே நடத்தினார். ஊசியை ஒழித்தார்.

இதனால் அணி வென்றது என்று நீங்கள் எதிர்பார்ப்பது புரிகிறது. தோற்றது. அதுவும் அல்லாமல், அடிபட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. மேனேஜரே தேநீர் கலக்கித் தந்து நலம் விசாரிக்கிறார் என்றால் யாருக்குத்தான் தொடை பிடிக்காது? நல்ல காலோடு ஆட்கள் மேசைக்கு வரிசையில் நின்றார்கள்.

அப்போதுதான் அவருடைய காது வெளியே வந்தது.

(இங்கே எனக்குச் சந்தேகம் உண்டு. உங்களுக்கும் வரும். சேர்ந்தே சந்தேகப்படுவோம்.)

உடைமாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் போகும் நடைவழி சிமெண்டுத் தரை. சிகிச்சை அறை அதன் நடுவில். பூட்ஸின் அடியில் இருக்கும் ஆணிகள் சிமெண்டில் பட்டால் குதிரை லாயம் மாதிரி சத்தம் வரும். மேசையில் கிடந்த அந்த வருடங்களில், மூடிய கதவுக்கு வெளியே போகும் ஒவ்வொருவரின் நடையையும் ஹாவர்த் கேட்டுக்கொண்டே கிடந்தார். பேச யாரும் இல்லாதவருக்கு வேறென்ன வேலை? யார் எந்தக் காலுக்குச் சலுகை கொடுக்கிறான், யார் நாளைக்கு விழப்போகிறான் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் இருந்ததாம். மேனேஜரான பிறகு, ஆட்டத்துக்கு முன் கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்வார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டவேண்டும். சத்தம் சரியில்லையென்றால் கதவு திறக்கும். திறந்தால் அந்த ஆள் அன்று ஆடமாட்டான். நடிக்கிறவனுக்கும் அதே கதவுதான். "நல்லா நடக்குற, போய் ஆடு" என்று உள்ளிருந்தே குரல் வரும். ஒரு தடவை இடது தடுப்பாட்டக்காரனைக் கதவைத் திறந்து நிறுத்தினார். எனக்கு ஒன்றுமில்லையே என்றான் அவன். இடுப்பைப் படம் எடுத்தார்கள். எலும்பில் மயிரிழைக் கீறல்.

நம்பவில்லை நான். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட காது கிடைத்தால் உடனே சந்தேகம் வரவேண்டும். இவ்வளவு வசதியான பொருள் தெருவில் கிடக்காது. நோரீனைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"எந்தச் சக்கரம் போகப் போவுதுன்னு எம்பஸ்ஸு எனக்குச் சொல்லும்," என்றாள். "இதுல என்ன அதிசயம்? நீ கேக்கறதே இல்ல, அதான் உனக்கு அதிசயமா இருக்கு."

அதிசயம் என்று ஒத்துக்கொள்ள இவர்கள் கடைசிவரை மறுப்பார்கள். அந்த மறுப்பின் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

6

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஜெயித்தால் ஹார்டன்ஷா லீக்கில் நீடிக்கும். இல்லையென்றால் கடைசி இடம். லீக்கை விட்டே வெளியே. தாத்தா காலத்திலிருந்து சனிக்கிழமை என்றால் இந்த மைதானம் என்றிருக்கும் ஊருக்கு அதன் பிறகு சனிக்கிழமை கிடையாது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு வேலையும் கிடையாது.

கோல் அடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். ஸ்டூவர்ட் லோமாக்ஸ். அணியில் எல்லோருக்கும் 'லோமி'. அந்தப் பருவத்தின் கோல்களில் பெரும்பங்கு அவனுடையது. அந்த வாரம் பயிற்சியில் வலது முட்டி திருகிக்கொண்டது.

[லோமாக்ஸை இன்னும் சரியாகப் பார்க்க முடியவில்லை. சிவந்த தலைமுடி, பெரிய பல். ஹாவர்த்தின் இளவயது மறுபதிப்பாக அவனை எழுத ஆசைப்பட்டேன், விமர்சகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் லோமாக்ஸ் அப்படி ஒரு கலைஞன் இல்லை. பந்து அவன் காலில் பட்டால் ஊருக்கே கேட்கும். முழங்காலால், பின்பக்கத்தால், ஒரு தடவை காதால்கூடக் கோல் அடித்திருக்கிறான். அவனை அப்படியே விட்டுவிடுகிறேன்.]

வெள்ளிக்கிழமை மதியம் தலைவர் ப்ளாம்லி சிகிச்சை அறைக்கு வந்தார். லோமாக்ஸ் மேசைமேல் இருந்தான்; முட்டியில் பனிக்கட்டிப் பை. ப்ளாம்லி அவனைப் பார்க்காமல், மன்றத்தின் பாரம்பரியம் பற்றி, முன்னோர்களின் வியர்வை பற்றி, நகரத்தின் இதயத் துடிப்பு பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். தெரிந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஒரு சின்ன ஊசி. ஒரே ஒரு தடவை.

"ஊசி போட்டவன் எங் கதவத் தாண்ட மாட்டான்," என்றார் ஹாவர்த்.

"அப்ப அந்தப் பையன் நாளைக்கு ஆடுவானா?"

"அவன் இங்கதான் இருக்கான் மிஸ்டர் ப்ளாம்லி. அவங்கிட்டயே கேளுங்க."

ப்ளாம்லி கேட்கவில்லை. பழக்கமில்லை.

பிறகு ஹாவர்த் லோமாக்ஸிடம், நாளைக்கு எல்லோரையும் போல நடந்து வா, கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். லோமாக்ஸுக்கு எப்படியாவது ஆடியாக வேண்டும். மருத்துவரை ஏமாற்றலாம், நல்ல முட்டியைக் காட்டலாம். காதை எப்படி ஏமாற்றுவது?

7

சனிக்கிழமை காலை நோரீன் வழக்கம்போல் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். மைதானத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தைக் கடக்கும்போது எதையோ பார்த்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டாள். ஹார்டன்ஷா டவுனின் மொத்த அணியும் வட்டமாக நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நொண்டிக்கொண்டு. முன்னால் கோல்காப்பாளர் க்ளெக், அவர்தான் அணித்தலைவர். பின்னால் வரிசையாக ஒன்பது பேர். நடுவில் லோமாக்ஸ்.

"வலது கால இழுங்கடா," என்று கத்திக்கொண்டிருந்தார் க்ளெக். "லோமியப் பாத்து இழுங்க. ஒரே சத்தமா கேக்கணும். ஏ ரான், நீ இடதுகால இழுக்குற, மூதேவி."

"இதுதாண்ணே எனக்கு வருது."

"ஒனக்கு நேரா நடக்கவே வராது. இழு."

தனியாக நடந்தால் லோமாக்ஸின் நொண்டல் கேட்கும். எல்லோரும் நொண்டினால் எதைக் கேட்பது? இதுதான் திட்டம். தன் முட்டியைத் தவிர வேறெதையும் எண்ணாத தொழிலில் இருக்கிற ஆட்கள், காலை வேளையில், மழையில், அடுத்தவன் முட்டியைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் நிற்கிறது, எங்கே எடை மாறுகிறது, எங்கே அவன் பல்லைக் கடிக்கிறான். கற்றுக்கொள்ள வேண்டுமானால் அவனைப் பார்த்தாக வேண்டும். அடிபட்டவனைப் பார்க்காதே என்று வளர்க்கப்பட்ட அணி அது.

"மொத்த டீமும் போச்சுன்னு நெனச்சேன் கண்ணு," என்றாள் நோரீன். "ஸ்டியரிங்லயே தலைய வச்சு அழுதேன். மேல்மாடியிலேருந்து ஒருத்தன் கத்துறான், அம்மா, அவனுங்க நடிக்கிறானுங்க, வண்டிய எடுங்கன்னு."

8

மதியம். நடைவழி. வெளியே கூட்டம் பாடுவது உள்ளே மந்தமாகக் கேட்கிறது. ஹாவர்த் கதவை மூடிக்கொண்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். காலை நீட்டியபடிதான், அந்தக் கால்களுக்கு வேறு நிலை கிடையாது.

அந்த அறைக்குள் அப்போது வேறு யாரும் இல்லை. ஹாவர்த்தும் இது பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆகவே இந்தப் பகுதி முழுக்க என்னுடையது. குறை இருந்தால் என்னை அடியுங்கள்.

உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. வழக்கமாக ஒவ்வொருவராக வருவார்கள். அன்று எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். டக், இழுப்பு. டக், இழுப்பு. ஒரே மிருகம் ஒன்று பெரிய முட்டிவலியோடு நடைவழியில் வருவதைப் போல. (ரான் என்பவனின் கால் மட்டும் எதிர்த்திசையில் இழுத்தது.)

முதல் வரைவில் ஹாவர்த் சிரித்தார். [அடித்துவிட்டேன். எளிது.]

இரண்டாம் வரைவில் அழுதார். [இன்னும் எளிது.]

இந்த வரைவில் அவர் வெறுமனே கேட்கிறார். அத்தனை வருடம் அந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் நல்ல கால்கள் போகும் சத்தத்தைக் கேட்டவர். நொண்டுகிறவன் எப்போதும் இந்தப்பக்கம், தனியாக, மேசையில். இன்றைக்கு அந்தப்பக்கம் முழுவதும் நொண்டுகிறது. யாரோ ஒருவனுக்காக அத்தனை பேரும். எழுதுகிற என் கையை ஒரு நிமிடம் மேசைமேல் வைத்துவிட்டேன். பெரிய விஷயங்களின் முன் குனிவது என் வழக்கமில்லை, முதுகுக்கு நல்லதில்லை. குனிந்தேன்.

அந்தச் சத்தத்துக்குள் லோமாக்ஸின் முட்டி அவருக்குத் தனியாகக் கேட்டதா? கேட்டது என்று எழுதினால் அவர் தெய்வம். கேட்கவில்லை என்று எழுதினால் அவர் நம்மைப் போல. நோரீன் ஒரே போடாகப் போட்டாள்: "அவனுக்காக அத்தனை பேரு நொண்டுனா, அவனுக்கு எம்புட்டு வலிக்குதுன்னு அதுலயே தெரியலையா? இதுக்குக் காது எதுக்கு?"

கதவு திறந்தது.

அணி நின்றது. க்ளெக் ஒற்றைக் காலில் நின்றார். மற்றதை எங்கே வைப்பது என்று மறந்துபோயிருந்தது. ஹாவர்த் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். லோமாக்ஸிடம் வந்து நின்றார்.

"ஸ்டூவர்ட்."

"பாஸ்."

"வலிக்குதா?"

அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. ஆடுவாயா, எப்போது எழுந்திருப்பாய், தயாரா என்று கேட்டிருக்கிறார்கள். ஹாவர்த்கூட எப்படி இருக்கே என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்கு நல்லா இருக்கேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். லோமாக்ஸ் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தான். க்ளெக் பூட்ஸைப் பார்த்தார்.

"கேளு," என்றார் ஹாவர்த். "ஆடுறேன்னு சொன்னாலும் திங்கக்கெழம காலைல வந்து ஒங்கிட்டதான் மொதல்ல பேசுவேன். முடியலன்னு சொன்னாலும் ஒங்கிட்டதான் மொதல்ல பேசுவேன். ஊரு லீக்ல இருந்தாலும் சரி, போனாலும் சரி. அதுல மாத்தம் இல்ல. அதனால என்னப் பாக்காத, அவனுங்களப் பாக்காத. ஒம் முட்டிய மட்டும் கேட்டுச் சொல்லு. நீ சொல்றத நான் செய்றேன்."

9

முடிவுகள்.

முதலாவது: ஆடுகிறேன் என்கிறான். ஆடுகிறான், எண்பதாவது நிமிடம் கோல், ஊர் பிழைக்கிறது, முட்டி பிழைக்கவில்லை. [தியாகம். ப்ளாம்லி இதை வெண்கலத்தில் சிலை வைப்பார். அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.]

இரண்டாவது: முடியவில்லை என்கிறான். ஹார்டன்ஷா தோற்கிறது. ஊர் லீக்கை இழக்கிறது, ஒரு மனிதன் தன் காலோடு முதுமைக்குப் போகிறான். [நீதிக்கதை. ஆனால் வேலை போன க்ளெக்கின் வீட்டுக்கு இந்த நீதியை எடுத்துக்கொண்டு யார் போவது?]

மூன்றாவது: முடியவில்லை என்கிறான், ஆனாலும் ஜெயிக்கிறார்கள், ரான் தப்பான காலால் கோல் அடிக்கிறான். [ஆசையாக இருக்கிறது. ஆசை என்பதாலேயே நம்பமுடியவில்லை.]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், அரங்கில் இருந்தேன். நோரீன் என் கையைப் பிடித்த அடையாளம் ஒரு வாரம் இருந்தது. பழைய லீக் அட்டவணையில் நீங்கள் தேடிப் பார்க்கலாம், ஆனால் ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் மாற்றிவிட்டேன். ஆட்ட முடிவு தெரிந்தால் நீங்கள் அதை வைத்து லோமாக்ஸுக்கு மதிப்பெண் போடுவீர்கள். ஜெயித்திருந்தால் சரியான பதில், தோற்றிருந்தால் தவறான பதில். கிரிம்ஷாவும் அப்படித்தான் போட்டார்.

ஆகவே ஆட்டத்தைத் தரமாட்டேன். நடைவழியைத் தருகிறேன். பதினோரு பேர் நிற்கிறார்கள். அணிகளை மைதானத்துக்குக் கூப்பிடும் நடுவரின் மணி அடிக்கிறது. ஹாவர்த் அவசரப்படுத்தவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நிற்பதே அவருக்கு வலிக்கும், ஆனாலும் உட்காரவில்லை. அந்தக் காலிறுதியன்று தன்னை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று அவருக்கும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்.

லோமாக்ஸ் தன் முட்டியைக் குனிந்து பார்க்கிறான். நிமிர்கிறான். வாயைத் திறக்கிறான்.

இந்த இடத்தில் என் தொழில் பயன்படாது. எனக்கு முட்டி வலித்ததில்லை. வலிக்கிறதா என்று யாராவது கேட்டபோது, உண்மையைச் சொல்வதா என்று ஒரு கணம் யோசித்து நின்றவர்கள் உங்களில் இருப்பார்கள். அவன் வாயில் இருக்கும் சொல் உங்களுக்குத் தெரியும்.

சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.